மூன்று நாளில் அறளை பெயருமா?

கொடிகாமத்திலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: அப்பாவுக்கு 67 வயது, கனகாலமாகத் தினமும் சாராயம். மூன்று நாளாக ஆக்களை மட்டுக்கட்டுகிறார் இல்லை, இரவில் எழும்பி இல்லாத மாட்டை அவிழ்க்கப் போகிறார், பகலில் தூங்கி வழிகிறார். அயலில் எல்லாரும் அறளை பெயர்ந்துவிட்டது என்கிறார்கள், சரியா?

இல்லை, தங்கச்சி. அறளை, அதாவது வயதில் வரும் மறதி நோய், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. மூன்று நாளில் வந்த தடுமாற்றத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும், அதுவும் இன்றைக்கே ஆஸ்பத்திரியில். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

அங்கே முக்கியமாகக் கேட்பது, கடைசியாக எப்போது குடித்தார் என்று. காய்ச்சல் வந்தோ கோபத்திலோ குடியைச் சட்டென்று விட்டவருக்கு இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வேர்த்து, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். மாட்டுக் கதை அதோடு பொருந்துகிறது. ஆனால் இரவும் பகலும் மாறிப்போவது ஈரல் பழுதிலும் வரும். மலச்சிக்கலோ கறுப்பாக மலம் போவதோ இருந்தால் சொல்லுங்கள். கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டு படபடவென்று விழுகிறதா என்று டொக்டர் பார்ப்பார்.

போன மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தவரா? யோசித்துப் பாருங்கள். வயது போய், குடியாலும் மூளை சுருங்கினவருக்கு அதன் மேலுள்ள இரத்தக்குழாய் இழுபட்டு நிற்கும், சின்ன அடிக்கே வெடித்து இரத்தம் சொட்டுச் சொட்டாகத் தேங்கி, வாரங்கள் கழித்துத்தான் தடுமாற்றம் தொடங்கும். வெளியே காயமே இருக்காது. சிடி ஸ்கான் இல்லாமல் பிடிபடாது.

எனக்கு ஆகப் பெரிய பயம் விற்றமின் பி1 குறைவுதான். சோற்றைத் தொடாமல் சாராயத்தில் சீவிக்கிறவர்களுக்கு இது சகஜம். கண் ஆடும், காலை அகட்டி வைத்துத் தள்ளாடுவார், புத்தி தடுமாறும். மூன்றும் ஒன்றாகத் தெரிவது சிலருக்குத்தான், அதனால் இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அந்த விற்றமினை நாளத்தில் ஊசியாகப் போட்டுவிடுவோம். பிந்தினால் ஞாபகசக்தி திரும்பாமலே போகலாம்.

சீனி இறங்கியதா, உப்பு குறைந்ததா, சலத்தில் கிருமியா என்பதையும் பார்ப்பார்கள். இவற்றில் இரண்டு மூன்று ஒன்றாக இருப்பதும் உண்டு, ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்தக்கூடாது.

ஆள் அடங்கட்டும் என்று பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவர் போடுகிற மருந்துகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கள். வெட்கப்பட்டுக் குடியின் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நாளுக்கு ஒரு போத்தல் என்றால் ஒரு போத்தல்தான்.