பிரீமியம் கூடியதற்கு வண்டி மட்டும் காரணமல்ல

கேள்வி: என்னிடம் 2019 மாடல் கிரெட்டா 1.6 டீசல் கார் இருக்கிறது. இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்க 33,000 ரூபாய் கேட்கிறார்கள். அலுவலக நண்பர் தன் பலேனோவுக்கு 10,500 ரூபாய்தான் கட்டுகிறார். வார இறுதிகளில் என் மைத்துனர் காரை எடுத்துச் செல்வார். கீறல், நசுங்கல் என்று அவரால் இதுவரை மூன்று முறை கிளைம் செய்துவிட்டேன். கடைசியாகப் பம்பருக்கு 8,500 ரூபாய் பில் ஆனதில் 4,100 கிடைத்தது. மனைவி வருத்தப்படுவாள் என்பதால் அவரிடம் பணம் கேட்பதில்லை. பிரீமியம் குறைவான புதிய எஸ்யுவிக்கு 12 லட்சம் கடனில் மாறிவிடலாமா?

பதில்: மாறாதீர்கள். முதலில் அந்த 22,500 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

விபத்தில் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை இன்ஜின் அளவை வைத்து அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த பட்டியலின்படி 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரையான கார்களுக்கு 3,416 ரூபாய், அதைத் தாண்டினால் 7,897. உங்கள் இன்ஜின் 1,582 சிசி. 2020இல் வந்த அடுத்த கிரெட்டாவின் டீசல் இன்ஜின் 1,493 சிசிதான். பெயர் ஒன்று, கட்டணம் வேறு! 18% ஜிஎஸ்டியோடு இதில் சுமார் 5,300 போகிறது. உங்கள் காரின் மதிப்பும் உதிரிபாக விலையும் அதிகம் என்பதால் இன்னொரு 5,400.

மீதி 11,800 ரூபாய்க்கும் மாடலுக்கும் சம்பந்தமில்லை. சொந்தச் சேதத்துக்கான உங்கள் பிரீமியம் 20,000. கிளைமே செய்யாதிருந்தால் ஐந்தாண்டில் நோ கிளைம் போனஸ் என்ற தள்ளுபடி 50% ஆகி, 10,000 ரூபாயும் அதற்கான வரியும் குறைந்திருக்கும். ஒரு கிளைம் போதும், போனஸ் பூஜ்யமாகிவிடும். பிறகு 20, 25, 35, 45 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

கடைசி கிளைமையே பாருங்கள். பம்பருக்கு 8,500 ரூபாய் பில் என்று எழுதியிருக்கிறீர்கள். பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி தேய்மானம், ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 2,000 எல்லாம் போக உங்களுக்குக் கிடைத்தது 4,100. இந்தத் தொகைக்காகவா போனஸை விட்டீர்கள்? மனம் பதறுகிறது.

புதிய காருக்கு 9% வட்டியில் ஏழாண்டுக் கடன் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 19,300, வட்டி மட்டும் 4.2 லட்சம். போனஸ் காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. ஆகவே இந்தப் பூஜ்யமும் புதிய காருக்குக் கூடவே வரும். பனோரமிக் கண்ணாடிக் கூரை, கண்ணாடியில் பொருத்திய கேமரா என்று ஷோரூமில் ஆசை காட்டுவார்கள். உடைந்தால் அவற்றின் செலவும் பெரிது. ‘போனஸ் பாதுகாப்பு’ கவரும் இப்போது வேண்டாம். உங்களிடம் பாதுகாக்கப் போனஸே இல்லை.

15,000 ரூபாயைத் தனியாக எடுத்துவையுங்கள். சிறு பழுதுகளை அதிலிருந்து சரிசெய்து, பெரிய விபத்துக்கு மட்டும் கிளைம் செய்யுங்கள். மைத்துனர் கையில் நேர்ந்த சேதத்துக்கு அவரே பணம் தரட்டும். மனைவியையும் உட்காரவைத்து இந்தக் கணக்கைக் காட்டிவிட்டே பேசுங்கள்.

இன்னொன்று. வாடகை வாங்கிக்கொண்டு யாரையாவது ஏற்றிச் செல்கிறாரா என்றும் அவரிடம் கேளுங்கள். அப்படியொரு சவாரியில் விபத்து நடந்தால் சொந்த உபயோகத்துக்கான உங்கள் பாலிசி கைகொடுக்காது.