ஆபிஸ் மென்பொருள்களில் நீங்கள் காணும் பெரிய குறை என்ன? எந்த வசதி வந்தால் நன்றாக இருக்கும்?

கேள்வி கேட்டவர் அநேகமாக ஏதாவது ஐடி கம்பெனியில் மீட்டிங்குக்கு ஸ்லைடு தயாரிப்பவராக இருப்பார். அவருக்கு வரப்போகும் பதில்களையும் ஊகிக்க முடிகிறது: திறக்க நேரமாகிறது, வருஷா வருஷம் சந்தா கேட்கிறார்கள், பழகின மெனுவை இடம் மாற்றிவிட்டார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனால் என் வயிற்றெரிச்சல் வேறு. இத்தனை பெரிய மென்பொருள்களுக்குத் தமிழில் எழுத்து எண்ணத் தெரியாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எண்ணுகிற எழுத்தைத்தான் சொல்கிறேன்.

நான் தாமிரபரணிப் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் அலுவலகத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் தலைப்பெழுத்து இல்லாமல் பெயர் கிடையாது. ஒரே வகுப்பில் மூன்று மாரியம்மாள், நாலு முத்துக்குமார் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது அப்பா பெயரின் முதல் எழுத்துதான். தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021இல் அரசாணையும் வந்தது. நல்ல ஆணை. எனக்கு அதில் ஒரு மாற்றுக்கருத்தும் இல்லை, இதைப் படித்துவிட்டு யாரும் என்னைத் தமிழ் விரோதி ஆக்க வேண்டாம்.

அடையாள அட்டை அடிக்கிற வேலையை நிர்வாகம் வெளியூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தது. நாங்கள் மாணவர் பெயரைத் தனிப் பத்தியிலும் அப்பா பெயரைத் தனிப் பத்தியிலும் போட்டு ஷீட்டை அனுப்பினோம். அங்கே வேலை பார்த்த பையன் அப்பா பெயரிலிருந்து முதல் எழுத்தை எடுக்க ‘லெஃப்ட்’ ஃபார்முலாவைப் போட்டிருக்கிறான். இடப்பக்கமிருந்து ஒரு எழுத்தை எடுத்துக் கொடு என்று அதற்கு அர்த்தம். ஆங்கிலத்தில் கேட்டால் ஒழுங்காகக் கொடுக்கும். தமிழில் கேட்டால் கோயில்பிள்ளைக்கு ‘க’ என்று கொடுக்கும். சுடலைமுத்துவுக்கு ‘ச’. பேச்சிமுத்துவுக்கு ‘ப’. வேலாயுதத்துக்கு ‘வ’. அய்யாத்துரை, இசக்கிமுத்து, கணேசன், தங்கராஜ் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தப்பித்தார்கள், அவர்கள் அப்பாக்களின் பெயர் உயிரெழுத்திலோ அகரம் ஏறிய மெய்யிலோ தொடங்கியதால்.

மாதிரி அட்டையை அச்சுக்காரர் நேராகத் தாளாளர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டார். அலுவலகத்துக்கு வரவே இல்லை. மாதிரியில் இருந்த பையனின் அப்பா பெயர் ‘த’வில் தொடங்குவது. யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

அட்டை பிள்ளைகளின் கழுத்தில் ஏறி வீட்டுக்குப் போன மறுநாள் காலையிலேயே ஆள் வர ஆரம்பித்தார்கள். பெரும்பாலானோர் தன்மையாகத்தான் கேட்டார்கள். ஒருவர் மட்டும், பெயர் கோயில்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம், அட்டையை என் மேஜைமேல் வைத்துவிட்டு உட்காராமலே சொன்னார்: “சார், எங்க அய்யா எனக்கு ஆசையா வச்ச பேரு. அதுல ஒத்த எழுத்துதான் உங்ககிட்ட கேட்டது. அதுக்கும் கொம்ப ஒடிச்சு, கால ஒடிச்சு அனுப்பிட்டியளே.”

“அண்ணாச்சி, நாங்க ஒடிக்கல, கம்ப்யூட்டர் ஒடிச்சிட்டு” என்றேன். அவர் நம்பவில்லை.

அவர் கோபம் கௌரவப் பிரச்சினை என்றே வையுங்கள். ஒன்பதாம் வகுப்பில் நடந்தது அதைவிட மோசம். அங்கே சு. மாரியம்மாள் ஒருத்தி, செ. மாரியம்மாள் ஒருத்தி. இரண்டு பேருமே ‘ச. மாரியம்மாள்’ ஆகிவிட்டார்கள். எந்த வேலைக்காகத் தலைப்பெழுத்து இருக்கிறதோ அந்த வேலையே போயிற்று. நூலகத்தில் ஒருத்தி எடுத்த புத்தகத்தை இன்னொருத்தியிடம் கேட்டார்கள்.

அச்சுக்காரரிடம் போனில் கேட்டால், “ஃபார்முலா சரிதான் சார், சிஸ்டம் குடுத்தத அடிச்சோம்” என்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் எரிச்சல். எக்செல் ஆகட்டும், இலவசமாகக் கிடைக்கிற லிப்ரே ஆபிஸ் ஆகட்டும், இந்த விஷயத்தில் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குள் எண் கொடுத்து வைத்திருக்கிற பொது முறைதான் யூனிகோடு. அதில் ‘கோ’ என்பது இரண்டு குறியீடு: ‘க’ ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்த ஓகாரக் குறி இன்னொன்று. ஃபார்முலா குறியீட்டை எண்ணுகிறது, எழுத்தை எண்ணுவதில்லை. ‘தமிழ்’ எத்தனை எழுத்து என்று ‘லென்’ ஃபார்முலாவில் கேட்டுப் பாருங்கள், ஐந்து என்று சொல்லும். விண்ணப்பப் படிவங்களில் பெயருக்கு இத்தனை எழுத்துதான் என்று கட்டம் போடும்போது தமிழ்ப் பெயர்கள் பாதியில் அறுபடுவதும் இதே கணக்கால்தான்.

இங்கே ஒருவர் உடனே வந்து, “அது யூனிகோடின் குறை, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு கொடுத்த டேஸ்16 முறைக்குப் போயிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை” என்பார். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு அதையும் ஏற்றது தெரியும் ஐயா. ஆனால் அது, அவரவர் சொந்த உபயோகத்துக்கென்று யூனிகோடில் ஒதுக்கிய பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அதில் அடித்த பெயரை வங்கிக்கும் ரயில்வேக்கும் அனுப்பினால் கட்டம் கட்டமாகத் தெரியும். அதோடு, குறியீடு பிரிந்திருப்பதே குறை என்று நான் சொல்லவில்லை. எது சேர்ந்து ஓர் எழுத்து ஆகும் என்பதற்கு யூனிகோடு அமைப்பே விதி எழுதி வைத்திருக்கிறது. இந்த மென்பொருள்களுக்கும் அது தெரியும். ‘கோ’வுக்கு முன்னால் கர்சரை வைத்து வலப்பக்க அம்புக்குறியை அழுத்துங்கள், ஒரே தாவில் தாண்டிவிடும், நடுவில் நிற்காது. அதாவது கர்சருக்குத் தெரிந்தது ஃபார்முலாவுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி.

கடைசியில் சரிசெய்தது யார்? அடியேன்தான். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரில் இரண்டாவதாக இருக்கிற குறியீட்டின் எண்ணை ‘யூனிகோடு’ என்ற ஃபார்முலாவால் கேட்க வேண்டும் (எக்செலில் 2013 பதிப்பிலிருந்து இருக்கிறது). அந்த எண் 3006இலிருந்து 3021க்குள் வந்தால் அது காலோ, கொம்போ, சுழியோ, புள்ளியோ ஏதோ ஒன்று. அப்படியானால் இடப்பக்கமிருந்து இரண்டை எடு, இல்லையென்றால் ஒன்றை எடு. இவ்வளவுதான். தமிழ் தெரிந்த யாருக்கும் புரிகிற விதி. பள்ளிப் பட்டியல் முழுவதும் ஒரு இழுப்பில் சரியாயிற்று.

முழுவதும் என்று சொல்லக்கூடாது. ஸ்ரீராம் என்ற அப்பாவுக்கு ‘ஸ்’ என்று வந்தது. ‘ஸ்ரீ’ நான்கு குறியீடு, என் ஃபார்முலா இரண்டோடு நின்றுவிட்டது. இன்னும் சிலருக்குக் ‘கோ’ வரவேண்டிய இடத்தில் ‘கே’ வந்தது. பழைய எழுத்துருவில் அடித்து மாற்றியின் வழியாக யூனிகோடாக்கிய பெயர்கள் அவை. கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகவே உள்ளே கிடந்தன. திரையில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இவற்றைக் கண்ணால் தேடிக் கையால்தான் திருத்த வேண்டியிருந்தது. இதற்கு நான் ஒருவன் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்க வேண்டுமா, மென்பொருள் செய்கிறவர்கள் பார்க்க வேண்டுமா?

உட்கார்ந்து என்றதும் இன்னொன்று. கம்ப்யூட்டர் அறைக்கென்று முன்னாள் மாணவர்கள் வாங்கிக் கொடுத்த ஏசி தாளாளர் அறையில் ஓடுகிறது. அவர் மாதத்தில் இரண்டு மூன்று தடவை வருவார். மே மாதத்தில் சேர்க்கை வேலை நடக்கும்போது, மேலே தகரம் போட்ட அறையில் மின்விசிறி அனலை வாரி முகத்தில் வீச, நாங்கள் கொம்பையும் காலையும் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறோம். பில்லில் ‘கணினி அறைக்கு’ என்றே எழுதியிருக்கிறது, நான்தான் ஃபைல் பண்ணினேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். எழுதி ஆறவேண்டியிருக்கிறது.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ‘6-8’ என்று வகுப்புகளை அடித்தால் ஆகஸ்ட் ஆறாம் தேதி ஆகிவிடுவது எல்லோருக்கும் பழகிப்போன தொல்லை. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கிற சர்வதேசக் குழு, மார்ச்1, செப்ட்1 மாதிரிப் பெயர்களை எக்செல் தேதியாக்கித் தொலைக்கிறது என்று 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மார்ச்எஃப்1, செப்டின்1 என்று ஆக்கினார்கள். இந்தத் தானாக மாற்றுகிற பழக்கத்தை நிறுத்திக்கொள்ளும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது 2023இல்தான். விஞ்ஞானிகளுக்கே அந்த நிலைமை. மரபணு பேசாமல் பெயரை மாற்றிக்கொண்டது, எங்கள் ஊர்ப் பெற்றோர் மாற்றிக்கொள்வார்களா?

உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு எண் வாங்குகிறவர்கள் கவனிக்க: எக்செல் பதினைந்து இலக்கம் வரைதான் எண்ணை நினைவில் வைக்கும். பதினாறு இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகவே அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். முன்னால் இருக்கிற பூஜ்யங்களும் போய்விடும். அந்தப் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். கூட்டிக் கழிக்க முடியாத எண்கள் உலகத்தில் உண்டு என்பதை ஒரு மென்பொருள் தானாகப் புரிந்துகொள்ளாதா என்பது என் கேள்வி.

ரசீதில் ‘எழுத்தால்’ என்று ஒரு வரி உண்டே, ‘ரூபாய் இரண்டாயிரத்து நானூறு மட்டும்’. தாய்லாந்துக்காரர்களுக்கு எக்செலில் அதற்கென்றே ‘பாத்டெக்ஸ்ட்’ என்று ஒரு ஃபார்முலா இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் தாய் மொழியில் இத்தனை பாத் என்று எழுதித் தரும். நமக்கு? மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் டாலர், சென்ட் என்று எழுதுகிற மேக்ரோ, அதாவது நாமே எடுத்து ஒட்டிக்கொள்கிற குட்டி நிரல், கிடைக்கும். டாலரை ரூபாய் என்று மாற்றினால் போதாது, அது ஆயிரத்துக்கு அடுத்து மில்லியனுக்குத் தாவும். லட்சமும் கோடியும் அதற்குத் தெரியாது. இத்தனை கோடிப் பேர் லட்சத்தில் எண்ணுகிறோம். தாய்லாந்துமேல் எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

வினாத்தாள் அடிக்கிற ஆசிரியர்கள் தினம் படுகிற பாடு ஒன்று. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க என்று அ), ஆ), இ), ஈ) போடுவோம். வேர்டில் பட்டியல் தானாக வரிசை போடும் வசதியில் இந்தி எழுத்து உண்டு, தாய் எழுத்து உண்டு, ஹீப்ரு உண்டு, கொரியன் உண்டு. தமிழ் இல்லை. கையால் அடிக்க வேண்டும். நடுவில் ஒன்றைச் சேர்த்தால் கீழே உள்ளதையெல்லாம் கையால் தள்ள வேண்டும். பன்னிரண்டு உயிரெழுத்தை வரிசையாகப் போட எவ்வளவு நிரல் எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

“பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரியில் முடியும்” என்று சொல்ல வருகிறவர்களுக்கு: முடியும், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பள்ளிக்கு வந்து அந்த ஒரு வரியைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அது ஓடாத நாளில் போனையும் எடுங்கள். “இலவச மென்பொருளுக்கு மாறுங்கள்” என்பவர்களுக்கு: எங்களிடம் இரண்டும் இருக்கின்றன. லிப்ரே ஆபிஸில் தமிழுக்குத் தனியாக எழுத்துரு அமைப்பு உண்டு. அதை மாற்றாமல் ஆங்கில எழுத்துருவை மட்டும் மாற்றிக்கொண்டு, தமிழ் ஏன் மாறவில்லை என்று திட்டுகிறவர்கள்தான் அதிகம். அது மென்பொருளின் தப்பு இல்லை. ஆனால் எழுத்து எண்ணுவதில் அதுவும் தோல்விதான், மேலேயே சொன்னேன்.

கேட்டவர் ‘எந்த வசதி வந்தால் நன்றாக இருக்கும்’ என்றும் கேட்டிருக்கிறார். எனக்குச் செயற்கை நுண்ணறிவு மின்னஞ்சல் எழுதித் தர வேண்டாம். பழைய ஃபார்முலாக்களைத் தொடவும் வேண்டாம், தொட்டால் உலகத்தில் பாதிக் கணக்கு உடையும் என்பது எனக்கும் புரிகிறது. பக்கத்திலேயே புதிதாக இரண்டு ஃபார்முலா போதும்: எழுத்தை எழுத்தாக எண்ணுகிற ஒன்று, எழுத்தை எழுத்தாக வெட்டித் தருகிற ஒன்று. இந்தியும் மலையாளமும் வங்காளமும் இதே பாடுதான் படுகின்றன, அவர்களுக்கும் ஆகும். லிப்ரே ஆபிஸின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் வருஷா வருஷம் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் என்று வருகைப்பதிவு மென்பொருளையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். எங்கள் பள்ளிக்கே அதை இலவசமாகத் தருகிறோம் என்று வந்தவர்கள் உண்டு, ஒன்றும் ஒரு பருவம் தாண்டி ஓடவில்லை. அந்தப் பிள்ளைகளில் யாராவது இந்த இரண்டு ஃபார்முலாவைச் செய்தால் சோதித்துப் பார்க்க நான் இருக்கிறேன். மே மாதம் மட்டும் வேண்டாம், அந்த அறையில் உட்கார முடியாது.