பூட்டிக் கிடந்த பிரிண்டரும் ஐயாவின் ரங்கூன் படமும்

கேள்வி: காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது, இருப்பது சென்னையில். தை மாதம் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) மணிவிழா, ஊர் வீட்டில் வைத்திருக்கிறோம். ஐயா (தாத்தா) ரங்கூனில் எடுத்துக்கொண்ட கருப்பு வெள்ளைப் படங்களை ஏ4 அளவில் நானே பிரிண்ட் போட்டு முகப்பில் மாட்ட ஆசை. சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை ஊர் வீட்டு இங்க் டேங்க் பிரிண்டரில் போட்டேன். இருட்டாகவும் பச்சை பாரித்தும் வருகின்றன. ஒன்றில் கருப்பு விரலோடு வந்துவிட்டது. தாள் நல்ல பளபளப்பான போட்டோ பேப்பர்தான். வேறு பிரிண்டர் வாங்கிவிடலாமா? ஒரு பழைய படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கிறது. அதைப் பிரிக்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். பச்சை, இருட்டு, ஒட்டும் கருப்பு மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. எதற்கும் பிரிண்டரை மாற்ற வேண்டியதில்லை.

பச்சையிலிருந்து தொடங்குவோம். விசேஷத்துக்கு மட்டும் திறக்கிற வீடு என்றால் பிரிண்டரும் மாதக்கணக்கில் சும்மா கிடந்திருக்கும். மை வருகிற துளைகள் முடியைவிட மெல்லியவை; காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். மெஜந்தா என்கிற இளஞ்சிவப்பு மை சரியாக வராவிட்டால் மீதி இருக்கும் நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சைதான் தரும். துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் பக்கம் ஒன்று எடுங்கள். கோடுகள் விட்டுவிட்டு இருந்தால் ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் தலையைப் பிரிண்டரே சுத்தம் செய்வது) ஒருமுறை, மறுபடி நாசில் செக். இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடராதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் மை வீணாவதோடு, உள்ளே கழிவு மையை வாங்கும் பஞ்சும் நிறைந்துகொண்டே போகும். ராத்திரி அப்படியே விட்டுவிட்டு காலையில் பாருங்கள். ஊறிய அடைப்பு பல நேரம் தானே விட்டுவிடும். பிரிண்டரை எப்போதும் அதன் பொத்தானில் அணையுங்கள். சுவர் சுவிட்சை அப்படியே தட்டினால் ஹெட் மூடியில் போய் உட்காராது, மை காயும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வாரம் ஒரு கலர் பக்கம் போடச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

விரலில் ஒட்டிய கருப்புக்குக் காரணம் நீங்கள் தேர்ந்தெடுத்த அமைப்பு. பல இங்க் டேங்க் பிரிண்டர்களில் கருப்பு மட்டும் பிக்மென்ட் இங்க் (நுண்துகள் மை), மற்ற நிறங்கள் டை இங்க் (கரைந்த சாய மை). பிக்மென்ட் கருப்பு எழுத்துக்காக வைத்தது. சாதாரணத் தாளில் பிடிக்கும், பளபளப்புத் தாளின் மேலே மிதக்கும். பேப்பர் டைப்பில் ‘பிளெயின்’ என்றே இருந்திருக்கும். தட்டில் நீங்கள் வைத்தது என்ன தாள் என்று அந்தப் பிரிண்டருக்குத் தெரியாது, சொன்னதை நம்பிக்கொண்டு பிக்மென்ட் கருப்பை ஊற்றியிருக்கிறது. என் அனுபவத்தில் வீட்டுப் பிரிண்ட் கெடுவதில் பாதி இந்த ஒரே இடத்தில்தான். செல்போனிலிருந்து அனுப்பினால் இந்தத் தேர்வு பல நேரம் கண்ணிலேயே படாது, கம்ப்யூட்டரிலிருந்து போடுங்கள். டைப்பைத் தட்டில் இருக்கும் தாளுக்கு ஏற்ப, பளபளப்புக்கு ‘போட்டோ பேப்பர்’, மேட்டுக்கு (பளபளக்காத தாளுக்கு) ‘மேட்’ என்றும், தரத்தை ‘ஹை’ என்றும் வையுங்கள்.

இதில் ஒரு வினோதம் உண்டு. போட்டோ பேப்பர் என்று சொன்னதும் அந்தக் கருப்பைத் தொடாமல் மூன்று நிறங்களைக் கலந்தே சாம்பலை உண்டாக்குகிற பிரிண்டர்கள் இருக்கின்றன. கலவை இம்மி பிசகினாலும் சாம்பல் பச்சையாகவோ சிவப்பாகவோ சாயும். வண்ணப் படத்தில் இது தெரியாது, கருப்பு வெள்ளையில் கண் உடனே பிடித்துவிடும். டியூப் லைட்டில் ஒரு மாதிரி, முற்றத்து வெளிச்சத்தில் வேறு மாதிரி தெரிவதும் உண்டு. அதனால் எங்கே மாட்டப்போகிறீர்களோ அங்கே வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

இதற்கு நான் செய்வது, படத்தைச் சுத்தச் சாம்பலாக்க முயலாமல் லேசான பழுப்புச் சாயல் ஏற்றிவிடுவதுதான். உங்கள் வீட்டு முகப்பில் முன்சாய்ந்து தொங்கும் படங்களையே பாருங்கள், அவற்றில் எத்தனை சுத்தக் கருப்பு வெள்ளை? பழைய படத்தைக் கருப்பு வெள்ளையானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்தால் அந்தப் பழுப்பு தானாக வந்துவிடும். சிறு நிறப்பிசகும் அதற்குள் மறைந்துபோகும்.

வாட்ஸ்அப்பில் வந்த படம் ஏ4க்கு ஆகாது, அனுப்பும்போதே சுருக்கிவிடும். மூலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். 4 அங்குல அகலப் படம் 600இல் 2400 புள்ளி தரும். ஏ4 அகலம் 8.27 அங்குலம், அங்குலத்துக்கு 300 வீதம் 2480 வேண்டும். கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

இருட்டு பெரிய விஷயமில்லை. திரை தானே ஒளிவிடுவது, தாள் அப்படியில்லை. திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தைத் திருத்துங்கள். அதே முகத்தை மூன்று வெளிச்சத்தில் ஒரே 4×6 தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, பிடித்ததை மட்டும் ஏ4இல் எடுங்கள்.

தாளில் எனக்கு ஒரு பிடிவாதம்: பழைய படத்துக்குப் பளபளப்பு வேண்டாம். முற்றத்து வெளிச்சம் எதிரே இருக்க, கண்ணாடிக்குள் பளபளப்புத் தாளை வைத்தால் ஐயா முகம் தெரியாது, தூண்தான் தெரியும். மேட் தாள், 200 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கன அளவு) குறையாமல் வாங்குங்கள். பிரிண்ட் வந்ததும் மேலே வெள்ளைத் தாள் ஒன்றை மூடி ஒரு நாள் வையுங்கள். உடனே சட்டம் போட்டால் உள்ளே கண்ணாடி பனிக்கும். படம் கண்ணாடியைத் தொடாதபடி இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். டை இங்க் வெயிலுக்கு வெளுக்கும். நேரே வெயில் விழும் சுவரில் மாட்டத்தான் வேண்டும் என்றால், அந்த ஒன்றிரண்டு படங்களை மட்டும் கலர் லேபில் கொடுத்துவிடுங்கள். மையில்லாமல் ஒளியாலும் ரசாயனத்தாலும் பிரிண்ட் போடுகிற லேபாகப் பாருங்கள், அது வீட்டு டை இங்க்கைவிட நிற்கும்.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்கவே வேண்டாம். தண்ணீர், ஹேர் டிரையர் என்று எதையும் முயலாதீர்கள். படத்தின் ஜெலட்டின் படலம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து எடுங்கள். படம் மங்கலாக வந்தால் வெயில் படாத முற்றத்து ஓரத்தில் நிறுத்தி, உங்களுக்குப் பின்னால் ஒரு கருப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு கேமராவில் எடுங்கள். கண்ணாடியில் எதிரொளி விழாது.