வரைபடத்தில் பெட்டிகளைக் குழுவாக்குவதா, ஒன்றுக்குள் ஒன்றாக வைப்பதா?

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கிறேன். பெங்களூரா மாங்காய் லாரியில் வந்து இறங்குவதிலிருந்து கூழ் பேரலுக்குள் போகும் வரை ஒவ்வொரு கட்டத்தையும் கணினியில் பெட்டி பெட்டியாகப் படம் வரைந்து வைப்பது என் பொறுப்பு.

இப்படிப்பட்ட படத்தில் பெட்டிகளைக் குழுவாக்குவதா, ஒன்றுக்குள் ஒன்றாக வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். பெரிய பெட்டியை இழுத்தால் உள்ளே இருப்பவையும் கூடவே வரவேண்டும், ஆனால் அவற்றைத் தனியாகவும் நகர்த்த முடியவேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது குரூப் (குழுவாக்குவது) அல்ல, கன்டெய்னர் (மற்றவற்றை உள்ளே வைக்கும் பெட்டி). குரூப் என்பது கயிறு போட்டுக் கட்டிய கட்டு, கன்டெய்னர் கூடை. கூடையிலிருந்து ஒரு காயை எடுக்க எதையும் அவிழ்க்க வேண்டியதில்லை.

இது தெரியாமல் முதல் சீசனில் எல்லாவற்றையும் குரூப் செய்தேன், குரூப்புக்குள் குரூப்பாக மூன்று அடுக்கு. தணிக்கைக்கு வந்தவர், வடிகட்டிக்குப் பின்னால் இருக்கும் காந்தத்தையும் படத்தில் காட்டச் சொன்னார். ஒரே ஒரு பெட்டி! குரூப்பைப் பிரிக்கும் ‘அன்குரூப்’ கட்டளை ஒரு முறைக்கு ஓர் அடுக்கைத்தான் பிரிக்கும். மூன்று முறை பிரித்து, பெட்டியைச் செருகி, மறுபடி மூன்று முறை கட்டினேன். நான் அப்போது வைத்திருந்தது லிப்ரே ஆபிஸ் டிரா என்ற வரைபட மென்பொருள். அதில் எஃப்3 அழுத்தினால் குரூப்பைப் பிரிக்காமலே உள்ளே நுழையலாம், கன்ட்ரோல் எஃப்3 அழுத்தினால் வெளியே வரலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளே இருக்கும்போது வரைவது அந்தக் குரூப்பிலேயே சேர்ந்துவிடும்.

இப்போது வரைவது டிரா.ஐஓ என்ற இன்னொரு வரைபட மென்பொருளில். இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சாதாரணச் செவ்வகத்தின் மேல் சின்னப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் பார்வைக்கு உள்ளே இருப்பதுபோல் தெரியும். உண்மையில் அது மேலே சும்மா கிடக்கிறது. செவ்வகத்தை இழுத்துப் பாருங்கள், தனியாக ஓடிவிடும். வடிவப் பட்டியலில் கன்டெய்னர் என்றே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பெட்டியை அதன் மேல் கொண்டுபோகும்போது கன்டெய்னரின் ஓரக்கோடு பளிச்சென்று மாறும். அது மாறிய பிறகு விடுங்கள். அவசரக் கை வேண்டாம்.

கூடையைத் தூக்கி எறிந்தால் காயும் போகும். வெளிப்பெட்டி அழகாக இல்லையென்று அழித்தேன், உள்ளே இருந்த ஏழு பெட்டிகளும் மாயமாகிவிட்டன. செய்ததைத் திருப்பும் கன்ட்ரோல் இசட் காப்பாற்றியது.

இனி மாறவே மாறாத சின்னங்களை, உதாரணமாக வால்வும் அதன் எண்ணும், இன்றும் குரூப்தான் செய்கிறேன். கிருமி நீக்கம் போன்ற பெரிய பகுதிகள் கன்டெய்னரில். அதன் மூலையில் உள்ள கழித்தல் குறியைத் தட்டிச் சுருக்கி மேலாளருக்கு ஒரு பக்கம், விரித்து இயந்திரக்காரர்களுக்கு ஒரு பக்கம் என்று அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறேன்.