குளிர்காலமும் தண்ணீர் பைப்பும்: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

குளிர் நெருங்கும்போது பலரும் என்னிடம் கேட்பது, "பைப்பை எதால் சுற்றிக் கட்டுவது?" என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு: உள்ளே தண்ணீர் நிற்கிறதா, நின்றால் அதற்குப் போக வழி இருக்கிறதா? கீழே உள்ள பதில்களில் பாதி இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

கேள்வி: தோட்டத்துக் குழாய்க்கு ஃபோம் உறை வாங்கி மாட்டிவிட்டேன். போதுமா சார்?

லேசான குளிருக்குப் போதும், கடுங்குளிருக்குப் போதாது. உறை சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இரவு முழுக்கத் தண்ணீர் ஓடாமல் நின்றால், உறைக்குள்ளும் மெதுவாக உறையத்தான் செய்யும்.

முதலில் ஹோஸைக் கழற்றுங்கள். அப்புறம் வீட்டுக்குள் அந்த லைனுக்கென்று தனி வால்வு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை அடைத்துவிட்டு வெளிக் குழாயைத் திறந்துவிடுங்கள். சில வால்வுகளின் பக்கவாட்டில் சின்னத் திருகுமூடி ஒன்று இருக்கும். கீழே ஒரு மக் பிடித்துக்கொண்டு அதைத் தளர்த்தினால் காற்று உள்ளே போய், தேங்கிய தண்ணீர் வடிந்துவிடும். வடிந்ததும் மூடியை இறுக்குங்கள், வெளிக் குழாயைக் குளிர்காலம் முடியும்வரை திறந்தே வையுங்கள். உள் வால்வு சரியாக அடைபடவில்லை என்றால் வெளியே சொட்டுவதை வைத்தே தெரிந்துவிடும். இவ்வளவும் செய்த பிறகு உறை மாட்டினால் நல்லது. உள் வால்வே இல்லாதவர்கள் இந்த வருடம் உறையை நம்புங்கள், அடுத்த குளிருக்குள் ஒரு வால்வு போட்டுவிடுங்கள்.

கேள்வி: கால் திருப்பு கைப்பிடி உள்ள பால் வால்வு போட்டிருக்கிறேன். அதையும் முழுக்கத் திறந்து வைப்பதா?

பாதியளவு திறந்து வையுங்கள். பால் வால்வுக்குள் இருக்கும் உருண்டையைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். லைனைக் காலி செய்த பிறகு கைப்பிடியைச் சாய்வாக, நாற்பத்தைந்து டிகிரியில் விட்டால் அதுவும் வடிந்துவிடும். இந்தச் சிக்கிய தண்ணீர் உறைந்து வால்வின் உடல் கீறிப்போவது சகஜம்.

கேள்வி: பனிக்கட்டி இருந்தது ஒரு இடம், பைப் வெடித்தது நாலடி தள்ளி. எப்படி அண்ணா?

நல்ல கேள்வி, இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். தண்ணீர் உறையும்போது அதன் கொள்ளளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. பனிக்கட்டி பக்கவாட்டில் அழுத்தி பைப்பைப் பிளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. பனி ஒரு அடைப்பாக நின்று, பைப்பின் நீளவாக்கில் வளர்ந்து, தனக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் இருக்கிற தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால் அந்தத் துண்டில் அழுத்தம் பல மடங்கு ஏறும். எங்கே பலவீனமோ அங்கே போகும்: ஒரு எல்போ, ஒரு ஜாயின்ட், அல்லது பழைய கீறல். அந்த இடத்தில் பனியே இல்லாமல்கூட இருக்கலாம்.

அடைப்பு இருக்கும்வரை கசிவும் பெரிதாகத் தெரியாது. வெயில் வந்து பனி உருகிய பிறகுதான் வீட்டுக்குள் வெள்ளம். "குளிர் விட்டதும்தான் பைப் உடைந்தது" என்று சொல்பவர்கள் எல்லோருக்கும் நடந்தது இதுதான்.

கேள்வி: அப்படியானால் இரவில் குழாயைச் சொட்ட விடச் சொல்வது ஓடுகிற தண்ணீர் உறையாது என்பதற்காக இல்லையா?

அது சின்னக் காரணம். ஒரு சொட்டில் வருகிற சூடு கொஞ்சம்தான். உண்மையான பலன், பனி அடைத்தாலும் அதற்கு அப்பால் இருக்கிற தண்ணீருக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது, அழுத்தம் ஏறாது. அதனால் எந்தக் குழாயை வேண்டுமானாலும் திறந்தால் போதாது. வெளிச்சுவரை ஒட்டியோ, பரண் வழியாகவோ வருகிற லைனின் கடைசிக் குழாயைத் திறக்க வேண்டும். வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு பக்கமும். சொட்டு நின்றுபோனால் மூடிவிடாதீர்கள், பனி அடைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: எத்தனை டிகிரியில் கவலைப்பட ஆரம்பிக்க வேண்டும்?

உறைநிலை பூஜ்யம்தான், ஆனால் பைப்பில் உள்ள தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி போன பிறகே பனி பிடிக்கத் தொடங்கும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆராய்ச்சிப் பிரிவு பரணில் உறையில்லாத பைப்புகளை வைத்துப் பார்த்த சோதனைகளிலிருந்து, வெளிக்காற்று மைனஸ் 7 டிகிரிக்கு இறங்குவதை எச்சரிக்கை அளவாகச் சொல்கிறார்கள். நான் அதைக் கடைசி எல்லையாகத்தான் எடுத்துக்கொள்வேன், அதற்கு முன்பே கவனமாகிவிடுவேன், ஏனென்றால் சுவரில் ஒரு ஓட்டை இருந்தால் கணக்கு மாறும். காற்று பைப்பைத் தன்னைவிடக் குளிராக்காது, ஆனால் சூட்டை வெகு வேகமாகப் பிடுங்கிக்கொள்ளும். கேபிள் நுழையும் துளை, பைப் நுழையும் இடைவெளி இவற்றை அடைப்பது விலையுயர்ந்த உறையைவிடப் பலன் தரும்.

கேள்வி: சிங்க் பைப் வெளிச்சுவருக்குள் போகிறது. சுவருக்குள் இன்சுலேஷன் நிறையத் திணித்தும் உறைகிறது.

எந்தப் பக்கம் திணித்தீர்கள்? பைப்புக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். பைப்புக்கும் அறைக்கும் நடுவில் திணித்தால் அறையின் சூடு பைப்பை எட்டாதபடி நீங்களே தடுத்துவிட்டீர்கள். போர்வையை அடுப்புக்கும் ஆளுக்கும் நடுவில் தொங்கவிட்ட மாதிரி. சுவரைத் திறக்க முடியாவிட்டால், கடுங்குளிர் இரவுகளில் சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். குழந்தைகள் இருந்தால் அங்கே உள்ள கிளீனர் பாட்டில்களை முதலில் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: உறையாத குழாய் என்று சொல்லித்தான் விற்றார்கள். வசந்தத்தில் திறந்ததும் சுவருக்குள் ஒழுகியது.

ஹோஸ் மாட்டியே இருந்ததா? அந்த வகையில் அடைக்கும் பகுதி கைப்பிடியில் இல்லை, நீண்ட தண்டின் மறுமுனையில், வீட்டின் சூடான பக்கத்தில் இருக்கும். மூடியதும் தண்டுக்குள் இருக்கிற தண்ணீர் வெளியே வடிய வேண்டும். ஹோஸ் இருந்தால் வடியாது. தண்டு வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக இல்லாமல் பொருத்தியிருந்தாலும் இதே கதைதான்.

கேள்வி: சூடேற்றும் கேபிளை இரண்டு சுற்றாகக் கட்டலாமா?

தானே வெப்பத்தைக் கட்டுப்படுத்தாத சாதாரண வகை என்றால் ஒன்றன்மேல் ஒன்று படவே கூடாது, எரிந்துபோகும். மற்ற வகைக்கும் தயாரிப்பாளர் சொன்னபடிதான். மின்கசிவு பாதுகாப்பு உள்ள இணைப்பில் மட்டும் செருகுங்கள். கரண்ட் போனால் கேபிளும் போச்சு, குளிர் கடுமையாக இருக்கும் இரவுகளில் அதுவும் நடக்கும்.

கேள்வி: பிளாஸ்டிக் பைப் வெடிக்காதாமே?

பெக்ஸ் என்கிற வளையும் பிளாஸ்டிக் பைப் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், அதன் இணைப்புகள் கொடுக்காது. சிபிவிசி என்கிற விறைப்பான வகை குளிரில் நொறுங்கும்.

கேள்வி: அவசரம்! காலையிலிருந்து சமையலறைக் குழாயில் ஒரு சொட்டும் இல்லை. கேஸ் டார்ச் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். சுவருக்குள் தீப்பிடிக்கும், அல்லது இரண்டு பனி அடைப்புகளுக்கு நடுவில் தண்ணீர் கொதித்து ஆவியாகி வெடிக்கும். வீட்டுக்கு வரும் தண்ணீரை முழுக்க நிறுத்தும் மெயின் வால்வு எங்கே என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். பைப்பில் எங்காவது பிளவு தெரிந்தால் அந்த வால்வை உடனே அடைத்துவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

பிளவு இல்லையென்றால் குழாயைத் திறந்து வைத்து, குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி அடைப்பை நோக்கி ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். வெந்நீரில் நனைத்த துணியும் போதும். நடுவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், உருகிய தண்ணீருக்கு வழி வேண்டும். தரை ஈரமாக இருந்தால் டிரையரைத் தொடாதீர்கள். தண்ணீர் வந்ததும் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது.

கேள்வி: ஒரு மாதம் ஊரில் இருக்க மாட்டோம். ஹீட்டிங்கை முழுக்க நிறுத்திவிடலாமா?

பைப்பில் தண்ணீர் நிற்கும்போது ஹீட்டிங்கை நிறுத்தாதீர்கள். 13 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள், மெயினையும் அடைத்துவிடுங்கள். ஹீட்டிங் இல்லாமல் விட்டுப் போவதென்றால் முழுக்கக் காலி செய்ய வேண்டும்: முதலில் வாட்டர் ஹீட்டரின் கரண்ட்டையோ கேஸையோ நிறுத்துங்கள். தண்ணீரில்லாமல் ஓடினால் எலிமென்ட் எரிந்துவிடும். மெயினை அடைத்து, மேல்மாடிக் குழாய் முதல் கீழ்மாடிக் குழாய் வரை திறந்து, டாய்லெட் டேங்கையும் ஃப்ளஷ் செய்யுங்கள். ஹீட்டர் டேங்கையும் அதன் வடிகால் வால்வில் ஹோஸ் மாட்டிக் காலி செய்ய வேண்டும். சிங்க், டாய்லெட் வளைவுகளில் நிற்கும் தண்ணீருக்கு புரொப்பிலீன் கிளைக்கால் வகை ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) ஊற்றலாம். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அதை வீட்டு லைனில் கொண்டுவராதீர்கள். ரேடியேட்டர் வழி வெந்நீர் ஓடும் ஹீட்டிங் என்றால் அந்தப் பகுதியை நீங்களே காலி செய்யப் பார்க்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கும்போது மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்பதையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.