சைவமா என்று கேட்காதீர்கள், மாந்தேகா உண்டா என்று கேளுங்கள்

கேள்வி: வேலை காரணமாக மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் இருக்கிறோம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். அடுத்த வாரம் எல்லோருமாக மெக்சிகோ சிட்டி போகிறோம். தள்ளுவண்டியில் சாப்பிட அம்மாவுக்குத் தயக்கம். அதே தெருவோர உணவை மேசை நாற்காலி போட்டுப் பரிமாறும் உணவகம் ஒன்றைப் பிள்ளைகள் பார்த்து வைத்திருக்கிறார்கள். அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். ஆறு வயது சின்னவனுக்குக் காரம் ஆகாது. எங்கள் ஸ்பானிஷ் அரைகுறை. மெனுவில் பச்சை இலை போட்டிருப்பதைப் பார்த்து ஆர்டர் செய்தால் போதுமா?

பதில்: போதாது. அந்தப் பச்சை இலையை அச்சடித்தவர் மெனுவை வடிவமைத்தவர். அவர் அடுப்படிப் பக்கம் போயிருக்கவே மாட்டார்.

சில வருடங்களுக்கு முன் இதே மெக்சிகோ சிட்டியில் ஓர் உணவகத்தின் மெனுவைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். பீன்ஸுக்கு நேரே அழகாக ஓர் இலை. சமையலறைக்குள் போனேன். சமைக்கிற அம்மாள் ஒரு பிளாஸ்டிக் வாளியிலிருந்து வெள்ளை வெளேரென்று எதையோ கரண்டியால் வழித்து வாணலியில் போட்டார். அது உருகி வெங்காயம் பொரிந்ததும், வெந்த பீன்ஸை அதில் கொட்டி மசிக்க ஆரம்பித்தார். பன்றிக்கொழுப்பு, ஸ்பானிஷில் மாந்தேகா. வெளியே வந்து உரிமையாளரிடம் சொன்னால், "இது மாந்தேகாதானே, இறைச்சி இல்லையே" என்றார். அவர் ஏமாற்றவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். உங்கள் சிக்கலே இதுதான்.

ஸ்பானிஷில் 'கார்னே' என்றால் இறைச்சி என்று அகராதி சொல்லும். மெக்சிகோவில் பேச்சு வழக்கில் அது பெரும்பாலும் மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும். 'சின் கார்னே', அதாவது கார்னே வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுக் கோழி கொண்டுவருவார்கள். கோழியும் வேண்டாம் என்றால் ஹாம் வரும். அம்மாவுக்காக ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "நோ கோமே கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி ஊவோ." மாடு, கோழி, மீன், ஹாம், முட்டை எதுவும் சாப்பிடமாட்டார் என்று பொருள். இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை, பட்டியல் முழுதாக இருக்கவேண்டும்.

அதற்கப்புறம் இரண்டே கேள்விகள். எந்தக் கொழுப்பில் வதக்கினீர்கள்? எந்தத் தண்ணீரில் வேகவைத்தீர்கள்? "யேவா மாந்தேகா?" என்றால் இதில் பன்றிக்கொழுப்பு உண்டா என்று அர்த்தம். "யேவா கால்தோ தே போயோ?" என்றால் கோழிச்சாறு உண்டா என்று அர்த்தம். இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். கொழுப்பையும் சாற்றையும் எப்படி ஒதுக்குவீர்கள்?

பதிலைக் கவனித்துக் கேளுங்கள். "தந்தீத்தோ" என்று விரலால் கொஞ்சூண்டு அளவு காட்டினால் உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு. அதனால் பரிமாறுபவர் தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லிவிடுவார். "சமையலறையில் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று சிரித்துக்கொண்டே அனுப்புங்கள். போய்த் திரும்பி வருகிற முகத்தைப் பார்த்தாலே பாதி பதில் தெரிந்துவிடும்.

இந்தக் கேள்விகளோடு மெனுவைப் பார்த்தால் பட்டியல் வேகமாகச் சுருங்கும். 'ரெஃப்ரீத்தோஸ்' என்கிற வதக்கி மசித்த பீன்ஸில் மாந்தேகா இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'சார்ரோஸ்' பீன்ஸில் பன்றித் துண்டுகளே மிதக்கும். சிவப்புச் சோறு தக்காளி நிறத்தில் அப்பாவியாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் கோழிச்சாறு அல்லது கோழிச்சாறுப் பொடி போட்ட சோறு. டோர்ட்டியா என்கிற மெல்லிய ரொட்டியைப் போட்ட சூப்பும் அப்படியே. இலையில் கட்டி அவிக்கும் தமாலின் மாவில் மாந்தேகா போட்டுப் பிசைவது பாரம்பரியம். மோலே குழம்பும் வேண்டாம், அதிலும் பெரும்பாலும் கோழிச்சாறுதான். கோதுமை டோர்ட்டியா வேண்டாம், சோள டோர்ட்டியா கேளுங்கள். அது மக்காச்சோளம், சுண்ணாம்பு, தண்ணீர் மட்டும்தான்.

சோள டோர்ட்டியா மட்டும்தான் என்றேன். அதைச் சூடாக்கும் இடம் வேறு கதை. டாக்கோ போடுபவரின் கையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். சுவாதெரோ என்ற மாட்டிறைச்சியும் லோங்கனீசா தொத்திறைச்சியும் கொழுப்பில் கொதிக்கும் வட்டத் தட்டில், டோர்ட்டியாவின் ஒரு பக்கத்தை லேசாகத் தோய்த்து எடுத்து ஓரத்தில் சுடுவார். ருசிக்காகத்தான். அதே தட்டின் ஓரத்தில்தான் வெங்காயத்தாளும் நொப்பால் கள்ளியும் வதங்கும். மெனுவில் 'நொப்பால் டாக்கோ' என்று படித்துவிட்டு அம்மா நிம்மதியாகச் சாப்பிடுவார். ஆகவே டாக்கோ பக்கமே அம்மாவைக் கூட்டிப்போகாதீர்கள்.

அவருக்கான இடம் கொமால். அது எண்ணெய் இல்லாத வறட்டுத் தட்டு. சோளமாவைக் கையால் தட்டி, நடுவில் பொருள் வைத்து மடித்துச் சுடுவது கேசடியா. உள்ளே பூசணிப்பூ, காளான், சோளக் கதிரில் வளரும் கறுப்புப் பூஞ்சையான வித்லகோச்சே, மிளகாய்க் கீற்றும் க்ரீமும் கலந்த ராஹாஸ் என்று சைவத்துக்குப் பஞ்சமில்லை. 'தே கொமால்' என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் கொழுப்பில் பொரித்த வகை வரலாம். மெக்சிகோ சிட்டியில் கேசடியாவுக்குள் சீஸ் தானாக வராது, 'கோன் கேசோ' என்று தனியாகச் சொல்லவேண்டும். குவாதலஹாராவிலிருந்து போகிற உங்களுக்கே இது ஆச்சரியமாக இருக்கும். பாலைச் சீஸாக உறையவைக்கும் நொதி விலங்கிலிருந்து எடுத்ததா என்றும் பார்ப்பவரானால் அம்மாவுக்குச் சீஸும் வேண்டாம்.

த்லகோயோ இன்னும் நல்லது. நீலச் சோளமாவுக்குள் மசித்த பயற்றை வைத்து நீள்வட்டமாகத் தட்டி, கொமாலில் சுட்டு, மேலே நொப்பாலும் வெங்காயமும் தூவித் தருவார்கள். உள்ளே இருக்கும் பயற்றுக்கும் அதே மாந்தேகா கேள்விதான். அவகாடோ மசியலில் பிரச்சினை இல்லை, மேலே பொரித்த பன்றித்தோலை அலங்காரமாகச் செருகாதவரை.

சோளத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று இந்நேரம் உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் சைவக்காரர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். அதன் பெயர் எஸ்கித்தெஸ். கோப்பையில் உதிர்த்த சோளம், கொஞ்சம் சாறு, மேலே சீஸ் தூள், மிளகாய்த்தூள், எலுமிச்சை. பார்த்தால் அம்மாவுக்காகவே செய்த மாதிரி இருக்கும். அந்தச் சாற்றைக் கேளுங்கள். சில இடங்களில் வெறும் தண்ணீர், உப்பு, எபசோத்தே இலை. சில இடங்களில் அதே அண்டாவுக்குள் கோழிக்கால் வேகும். இன்னும் சில இடங்களில் மாட்டெலும்பு மஜ்ஜை போட்டதை விசேஷ வகை என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். மெனுவில் 'மஜ்ஜை எஸ்கித்தெஸ்' என்று தனியாகப் போட்டிருந்தால், அது போடாதது சுத்தம் என்று முடிவுகட்டாதீர்கள். எல்லாம் ஒரே அண்டாவிலிருந்து எடுத்து, மஜ்ஜையை மட்டும் கடைசியில் வைப்பவர்களும் உண்டு. சாறில்லாமல் வாணலியில் வதக்கும் வகையும் இருக்கிறது, அதற்கு எந்தக் கொழுப்பு என்று கேட்கவேண்டும். இத்தனையும் தாண்டி வந்தால் கடைசியில் ஒரு கரண்டி மயோனைஸ் விழும், அது முட்டை. 'சின் மயோனேசா' என்று சொன்னாலும் முந்தைய கோப்பைக்குப் போட்ட அதே கரண்டி இதற்குள்ளும் வரும். இவ்வளவு விசாரிக்கப் பொறுமை இல்லையென்றால் சுட்ட சோளக்கதிர், 'எலோத்தே அசாதோ', கேளுங்கள். எலுமிச்சையும் உப்பும் மட்டும் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். சாறும் இல்லை, கரண்டியும் இல்லை.

இதையெல்லாம் ஒரு வாடிக்கையாளர் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு எரிச்சல். கடையில் வாங்கும் பிஸ்கட் பொட்டலத்தில் சர்க்கரை அதிகம், கலோரி அதிகம் என்று கறுப்பு எண்கோண முத்திரைகள் வரிசையாக நிற்கும். 2020 முதல் வந்த நல்ல ஏற்பாடு. அதற்கும் முன்பு 2013இல் உணவக மேசைகளிலிருந்து உப்புக்குடுவையை எடுக்கச் சொல்லி மெக்சிகோ சிட்டி அரசு இயக்கமே நடத்தியது. உப்பைப் பற்றி இத்தனை கவலைப்பட்டவர்களுக்கு, தட்டில் பன்றிக்கொழுப்பு இருக்கிறது என்று மெனுவில் ஒரு வரி போடவைக்க மட்டும் மனம் வரவில்லை.

அடுத்தது வாசலில் நிற்பவர். நகர மையத்திலுள்ள சோக்கலோ சதுக்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கையில் மெனுவோடு உங்களை மறிப்பார்கள். இவர்களை 'ஹலதோர்' என்பார்கள், இழுப்பவர் என்று பொருள். பிள்ளைகளோடும் வயதானவரோடும் வருகிற குடும்பம் அதிக தூரம் நடக்காது என்று அவருக்குத் தெரியும். "வெஜிடேரியன்? யெஸ், எவ்ரிதிங்!" என்பார். உங்களை உள்ளே உட்காரவைத்தால் அவருக்குக் கமிஷன். அடுப்புக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அவரிடம் மாந்தேகா கேள்வியைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். சைவ உணவுச் சுற்றுலா என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, கடைசியில் எல்லோரையும் நிறுத்தும் அதே கடையில் நிறுத்தி, உங்களுக்கு மட்டும் இறைச்சியை எடுத்துவிட்டுத் தரும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். மேசைக்குக் கிட்டாரோடு வருபவரிடம், பாட ஆரம்பிக்கும் முன்பே ஒரு பாட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். சின்னவன் கைதட்டிவிட்டால் மூன்று பாட்டு ஓடிவிடும், பில் உங்களுக்கு.

2024இல் மிச்சலின் நட்சத்திரம் வாங்கிய எல் கலிஃபா தே லியோன் டாக்கோ கடைக்குப் போகலாம் என்றும் பிள்ளைகள் நச்சரிக்கலாம். நட்சத்திரம் வாங்கியபோது அங்கே இருந்தது நான்கே வகை டாக்கோ, நான்கும் மாடும் பன்றியும். அதுவும் நின்றுகொண்டே சாப்பிடவேண்டும். அம்மா வெளியே வெயிலில் காத்திருக்கத் தயார் என்றால் போங்கள்.

சின்னவன் விஷயம் எளிது. சல்சா எல்லாவற்றையும் தனியாக, 'அபார்த்தே', தரச் சொல்லுங்கள். பச்சை என்றால் காரம் குறைவு என்று எந்த விதியும் கிடையாது. ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் கிண்ணத்தில் வந்தால் அது கடும் காரமான ஹபனேரோ மிளகாயாக இருக்கலாம், கை எட்டாத தூரத்தில் வையுங்கள். 'நோ பிக்கா', காரமில்லை என்று பரிமாறுபவர் சொல்வது அவருடைய நாக்கின் கணக்கு. வெட்டிய மாம்பழத்திலும் மிட்டாயிலும்கூட மிளகாய்த்தூள் இருக்கும் என்பதை மறக்கவேண்டாம். கடித்துவிட்டு அழுதால் தண்ணீர் உதவாது, மிளகாயின் காரம் கொழுப்பில்தான் கரையும். பால் அல்லது ஒரு கரண்டி க்ரீம் கொடுங்கள். வண்ண வண்ணமாக வரும் ஜெலட்டின் இனிப்பு அவனுக்குச் சரி, விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவதால் அம்மாவுக்கு ஆகாது.

பில் வந்ததும் கூட்டிப் பாருங்கள். மெனுவில் போட்டிருக்கும் விலையிலேயே 16 சதவீத வரி அடக்கம், கடைசியில் தனியாகச் சேர்க்கக்கூடாது. 'ப்ரொப்பினா' என்கிற டிப்ஸ் உங்கள் விருப்பம். வழக்கம் 10 முதல் 15 சதவீதம். அதைக் கட்டாயம் என்று பில்லில் சேர்ப்பது சட்டத்துக்கு விரோதம் என்று நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ப்ரொஃபெகோ வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது, பில்லில் அது வருடக்கணக்காக வந்துகொண்டிருக்கிறது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். அம்மாவுக்காக நாலு தடவை அடுப்படிக்கு நடந்த பரிமாறுபவருக்கு மட்டும் கையில் தாராளமாகக் கொடுங்கள்.

பகல் 1 மணிக்கே போய்விடுங்கள். அங்கே மதியச் சாப்பாட்டுக் கூட்டம் 2 மணிக்கு மேல்தான் கூடும். அதற்கு முன் போனால் கொமால் முன் நிற்கும் அம்மாளோடு நேரிலேயே பேசலாம். மற்றவர்களின் இறைச்சி வருவதற்குள், அன்றைய முதல் மாவு உருண்டைகளில் ஒன்று உங்கள் அம்மாவுக்காகத் தட்டில் விழும்.