புத்தகத்துக்குப் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: மகள் குடும்பம் திருப்பூரில் இருக்கிறது. பேத்தி அங்கே ஒரு மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு இரண்டு மாதம் போனாள். ஆகஸ்டில் பள்ளத்தூருக்கு என்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்த்தேன். இன்னும் புத்தகம் தரவில்லை. "கவர்மெண்டிலிருந்து பணம் வரவில்லை, 500 ரூபாய் கட்டினால் வாங்கித் தருகிறோம்" என்கிறார்கள். கட்டலாமா? – பள்ளத்தூர் வாசகி

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள் அம்மா. சண்டைக்கும் போகாதீர்கள். முதலில் பேத்தியை எந்தப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். செட்டிநாட்டுப் பக்கம் நகரத்தார் தொடங்கிவைத்த உதவி பெறும் பள்ளிகள் நிறைய. இப்படிப்பட்ட பள்ளிகள் சிலவற்றில் ஒரே காம்பவுண்டுக்குள் உதவி பெறும் தமிழ் வழி வகுப்பும் இருக்கும், சுயநிதியில் நடக்கும் ஆங்கில வழி வகுப்பும் இருக்கும். வாசலில் தொங்கும் போர்டு ஒன்றுதான். சுயநிதிப் பிரிவு என்றால் கட்டணமும் உண்டு, புத்தகமும் காசு கொடுத்து வாங்குவதுதான் வழக்கம். உதவி பெறும் பிரிவு என்றால் புத்தகத்துக்கு ஒரு பைசா கேட்கக் கூடாது.

உதவி பெறும் பிரிவு என்றே வைத்துக்கொள்வோம். "பணம் வரவில்லை" என்று சொல்கிறார்களே, அந்தப் பணம் பள்ளிக்கு வருவதே கிடையாது. பள்ளிக்கு வருவது புத்தகம். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் அச்சடிக்கிறது. அதன் கிடங்கிலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து வட்டாரக் கல்வி அலுவலகம் வழியாகப் பள்ளிக்கும் வருகிறது. அச்சுச் செலவை அரசு கழகத்தோடு நேர் செய்துகொள்ளும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், தொடக்க வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 250 ரூபாய், ஆறு முதல் எட்டு வகுப்புக்கு 400 ரூபாய் என்று பாடநூலுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அந்தத் திட்டச் செலவில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. இந்தக் கணக்கு எதிலும் தலைமை ஆசிரியர் கை படாது.

'பணம் வரவில்லை' என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பதை ஊகிக்கலாம். மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநில அரசு கையெழுத்திடாததால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. செய்தித்தாளில் தினமும் அடிபட்ட விஷயம். ஆனால் அந்த வழக்கைக் காட்டி ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 500 ரூபாய் கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை. புத்தகம் கொடுக்கும் பொறுப்பை மாநில அரசு யார் தலையிலும் கட்டவில்லை.

சரி, அப்படியானால் பேத்திக்கு ஏன் இன்னும் கிடைக்கவில்லை? என் கணிப்பு, இது எமிஸ் சிக்கல். எமிஸ் என்பது பிள்ளைகளின் விவரம் எல்லாம் ஏறியிருக்கும் கணினிப் பதிவு. பள்ளிக்கு எத்தனை புத்தகம் என்பதை அதில் உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பேத்தியின் பெயர் இன்னும் திருப்பூர்ப் பள்ளியின் கணக்கிலேயே இருக்கலாம். பழைய பள்ளி அவளைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். கட்டணப் பாக்கி ஏதாவது இருந்தால் சில தனியார் பள்ளிகள் இதை இழுத்தடிப்பதுண்டு. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இன் 5-ஆவது பிரிவு, மாற்றுச் சான்றிதழைத் தலைமை ஆசிரியர் உடனே தர வேண்டும், அது தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. ஆகவே மகளிடம் சொல்லி, திருப்பூர்ப் பள்ளியில் எமிஸிலிருந்து பெயரை விடுவித்துவிட்டார்களா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், தொடக்க வகுப்புகளுக்கு முப்பருவ முறை என்பதையும் மனதில் வையுங்கள். முதல் பருவப் புத்தகம் ஜூனில், இரண்டாவது காலாண்டு விடுமுறைக்குப் பிறகு, மூன்றாவது ஜனவரியில். ஒவ்வொரு பருவத்துக்கும் மூன்றாம் வகுப்புக்கு இரண்டு தொகுதி: தமிழும் ஆங்கிலமும் ஒன்று, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் இன்னொன்று. ஆகஸ்டில் சேர்ந்தவளுக்கு முதல் பருவப் புத்தகம் கையிருப்பில் தீர்ந்திருந்தால், தலைமை ஆசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டு, வேறு பள்ளியில் மிஞ்சியதை வாங்கித் தரலாம். இது அங்கே அடிக்கடி நடக்கும் வேலைதான், பெரிய காரியமில்லை.

தலைமை ஆசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்பதோடு நிற்காமல், நான்கு வரியில் எழுதிக் கொடுங்கள். பேத்தி பெயர், சேர்ந்த தேதி, எமிஸ் எண், புத்தகம் வரவில்லை என்ற விவரம், அவ்வளவுதான். 500 ரூபாய்க்கு ரசீது தருவீர்களா, அதில் 'பாடநூல்' என்று எழுதுவீர்களா என்றும் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் சாக்கோட்டை ஒன்றிய வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள். அலைய முடியாது என்றால் 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணுக்கு வீட்டிலிருந்தே பேசலாம். சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள் உண்டு, ஆனால் இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

பள்ளி பக்கத்தையும் சொல்ல வேண்டும். உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. கட்டடம், கழிப்பறை, தண்ணீர் எல்லாம் பெரும்பாலும் நிர்வாகத்தின் பாடு. ஒரு காலத்தில் நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போன ஊர்களிலிருந்து பணம் வந்தது. இன்று பல ஊர்களில் நிர்வாகக் குடும்பமே சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறது. கை இறுகும்போது ஏதாவது ஒரு பெயரில் பணம் கேட்கத் தோன்றும். பள்ளிக்கு உதவ விருப்பம் இருந்தால், நன்கொடை என்று சொல்லி ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். அதைப் புத்தகத்தோடு முடிச்சுப் போட விடாதீர்கள்.

புத்தகம் கைக்கு வந்ததும் உள்பக்கத்தைப் பாருங்கள். 'விலையில்லாப் பாடநூல் வழங்கும் திட்டத்தின் கீழ்' என்று அச்சிட்டிருந்தால் அது விற்பதற்கான புத்தகமே இல்லை. அதுவரை பாடம் நின்றுபோக வேண்டாம்; எல்லா வகுப்புப் புத்தகமும் பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் கடையில் எடுத்தால் செலவு ஏறிவிடும், நடக்கும் பாடத்தை மட்டும் எடுத்தால் போதும். அப்படியே நோட்டு, புத்தகப் பை, வண்ணப் பென்சில் வந்ததா என்றும் கேளுங்கள், அவையும் விலையில்லாமல் தர வேண்டியவை. மதியம் பள்ளியில் சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சீருடையும் உண்டு. நடுவில் சேர்ந்தவர்களுக்கு இதெல்லாம் விட்டுப்போவது சகஜம், கேட்டால்தான் பட்டியலில் ஏற்றுவார்கள்.